ஒற்றைக் கண்ணில் வழிந்த கண்ணீர்

என் தமக்கை முப்பது ஆண்டுகளாக அழுதுகொண்டே இருப்பதாக ஊர் நம்பியது. நானும் அப்படியே நம்பினேன். இளம் வயதில் கணவரை இழந்தவர். முண்டியம்பாக்கத்தை அடுத்த சிற்றூரில் ஒன்றரை ஏக்கர் கரும்பை நம்பி இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். அவருடைய இடக்கண்ணில் எந்நேரமும் நீர் கசியும். முந்தானை நுனியால் அதை ஒற்றியபடியேதான் பேசுவார். "அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை" என்று உறவுப் பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். துக்கம் ஏன் ஒற்றைக் கண்ணில் மட்டும் வழிகிறது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

இதில் எனக்குக் கூடுதல் வெட்கம் உண்டு. சிறு விவசாயக் குடும்பங்களின் கடன் குறித்து முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவன் நான். வீடுவீடாகச் சென்று வினாப்படிவம் நிரப்பியபோது தமக்கையின் வீடும் அந்தப் பட்டியலில் இருந்தது. "கடந்த ஓராண்டில் குடும்பத்தில் எவருக்கேனும் நோய் உண்டா, அதற்கான செலவு எவ்வளவு?" என்பது ஒரு கேள்வி. கண்ணைத் துடைத்துக்கொண்டே "ஒண்ணும் இல்ல தம்பி" என்றார். நான் அந்தக் கட்டத்தில் சுழியம் இட்டேன். செலவு ஏற்படாத நோய் என் கணக்கில் நோயாகவே பதிவாகவில்லை.

அந்தக் கண்ணில் பார்வை போன பிறகுதான் கண்ணீரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். மருத்துவம் என் துறை அன்று. ஆனால், வரவு, செலவு, இருப்பு என்று பார்க்கப் பழகிய கண்ணுக்குக் கண்ணீர் அமைப்பு எளிதில் விளங்கக்கூடிய ஒன்றாக இருந்தது. விளங்கியதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணீர் கண்ணின் மூலையிலிருந்து ஊறுவதாகவே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். மூக்கை ஒட்டிய மூலையில் அது திரண்டு நிற்பதால் வந்த எண்ணம் இது. உண்மையில் அந்த மூலை வடிகால். ஊற்று எதிர்ப்புறத்தில் இருக்கிறது. புருவத்தின் வெளிமுனைக்குக் கீழே, கண்குழியின் மேற்கூரையாக அமைந்த நெற்றியெலும்பில் ஒரு சிறு பள்ளம் உண்டு. அதில் பொதிந்திருப்பதுதான் முதன்மைக் கண்ணீர்ச் சுரப்பி. வாதுமைப் பருப்பின் வடிவம். ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் நீளம், 12 மில்லிமீட்டர் அகலம். மேலிமையைத் தூக்கும் தசையின் நாண் தகடு இதன் ஊடே சென்று, பெரிய மேல்மடல், சிறிய கீழ்மடல் என இரண்டாகப் பிரிக்கிறது. மேல்மடலில் சுரக்கும் நீரும் கீழ்மடலைக் கடந்தே வெளியே வரவேண்டும். மேலிமையின் உட்புற மடிப்பில் பத்துப் பன்னிரண்டு நுண்குழல்கள் திறந்து அந்நீரைக் கண்ணுக்குள் விடுகின்றன.

இது பெரிய ஆலை என்றால், இமைகளின் உட்புறச் சவ்வில் ஐம்பதுக்கும் குறையாத குடிசைத் தொழிற்கூடங்கள் உள்ளன. கிராவுசே சுரப்பிகள், உல்ஃப்ரிங் சுரப்பிகள் என்று அவற்றைக் கண்டறிந்த அறிஞர்களின் பெயரால் அழைக்கப்படும் இவை ஒவ்வொன்றும் ஊசிமுனை அளவே இருக்கும். அழும்போதும் தூசி விழும்போதும் வெள்ளமாகப் பாய்வது பெரும்பாலும் பெரிய சுரப்பியின் நீர். அமைதியான வேளையில் கண்ணை நனைத்து வைத்திருக்கும் அன்றாடப் பணியில் இந்தச் சிறு சுரப்பிகளுக்கும் பங்குண்டு.

எவ்வளவு சுரக்கிறது? ஆண்டுக்கு 15 முதல் 30 காலன் கண்ணீர் சுரக்கிறது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 காலன் என்றாலே நாளொன்றுக்கு 150 மில்லிலிட்டருக்கு மேல் வருகிறது. அதாவது, நாள்தோறும் ஒரு தம்ளர் காப்பி அளவு! அளந்து அறிந்த மருத்துவ நூல்கள் சொல்வதோ வேறு. அமைதி நிலையில் ஒரு கண்ணில் நிமிடத்துக்கு ஒன்று முதல் இரண்டு மைக்ரோலிட்டர் வரைதான் சுரக்கிறது. விழித்திருக்கும் 16 மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் ஒரு மில்லிலிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். உறக்கத்தில் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஒரு தேக்கரண்டியில் கால்பங்கு நிரம்பும் அளவு நீர் நம் பார்வையை நாள் முழுவதும் காக்கிறது.

கண்ணில் எந்த நேரத்திலும் இருப்பாக நிற்பது சுமார் ஏழு மைக்ரோலிட்டர். வரத்து நிமிடத்துக்கு ஒன்றேகால் என்று கொண்டால், ஐந்தாறு நிமிடங்களுக்கு ஒருமுறை இருப்பு முழுவதும் புதிதாகிவிடுகிறது. எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் ஏரிப் பாசனம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வரத்து வாய்க்கால், ஏரி, மதகு, ஆவியாதல் ஆகிய நான்கில் எது பழுதானாலும் ஏரி கெடும். வரத்து நின்றால் வறளும். மதகு தூர்ந்தால் கரை மீறி வழியும், தேங்கிய நீர் நாறும். என் தமக்கைக்கு நேர்ந்தது பின்னது. எனக்கு நேர்ந்தது முன்னது. ஆனால் இருவருக்கும் வெளியில் தெரிந்த அறிகுறி ஒன்றே.

என் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு காலை முழுவதும் கணினியில் எழுதுவதும், மாலையில் மின்விசிறிக்கு நேரே அமர்ந்து படிப்பதுமாக இருந்தேன். கண்ணில் மணல் உறுத்துவதுபோல் இருக்கும். பிறகு பொலபொலவென்று நீர் கொட்டும். நீர் மிகுந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு மருத்துவரிடம் சென்றேன். அவர் 5 மில்லிமீட்டர் அகலமும் 35 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட வடிதாள் துண்டின் நுனியை மடித்துக் கீழிமையில் செருகி, ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்கச் சொன்னார். ஓட்டோ ஷிர்மர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1903-இல் வகுத்த சோதனை இது. நூற்றாண்டு கடந்தும் வழக்கில் இருக்கிறது. தாள் பத்து மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் கவலையில்லை; ஐந்துக்குக் கீழே என்றால் வறட்சி. என் தாள் மூன்றில் நின்றது. "சார், உங்களுக்கு நீர் அதிகம் இல்லை, போதவில்லை" என்றார் மருத்துவர்.

நீர் கொட்டும் கண் எப்படி வறண்ட கண் ஆகும்? கண்ணீரை வெறும் தண்ணீர் என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. கருவிழியின் மேல் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனமே உடையது. அந்தக் கனத்துக்குள் மூன்று சரக்குகள் உள்ளன. அடியில் சளிப்பொருள், இதைச் சவ்விலுள்ள கிண்ண வடிவ நுண்ணறைகள் தருகின்றன. எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் முத்துமுத்தாக உருள்வதுபோல் கருவிழியின் மேல் நீர் உருண்டு ஓடாமல் சமமாகப் பரவுவது இச்சளியால்தான். நடுவில் சுரப்பிகளின் நீர். மேலே நெய்ப்பூச்சு, இதை இமை விளிம்பில் வரிசையாகப் பதிந்துள்ள மைபோமியன் சுரப்பிகள் தருகின்றன. 1666-இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் மைபோமின் பெயர் தாங்கியவை. மேலிமையில் முப்பது, கீழிமையில் இருபத்தைந்து என்ற அளவில் இருக்கும். ஆவியாதலைத் தடுப்பது இந்த நெய்தான்.

நெய் குறைந்தாலோ நீர் குறைந்தாலோ, இரண்டு இமைப்புகளுக்கு இடையே படலம் கிழிந்து, கருவிழியில் ஆங்காங்கே வறண்ட திட்டுகள் தோன்றும். உடலிலேயே நரம்புமுனைகள் மிக நெருக்கமாக உள்ள இடங்களில் ஒன்று கருவிழி. அது உடனே கூக்குரலிடும். பெரிய சுரப்பி திடுக்கிட்டு வெள்ளத்தைத் திறந்துவிடும். அந்த நீரில் நெய்யும் சளியும் உரிய அளவில் இல்லாததால், அது தங்காமல் கன்னத்தில் வழிந்து போகும். மீண்டும் வறட்சி, மீண்டும் வெள்ளம். கோடையில் வறண்டு கிடந்து ஐப்பசியில் ஒரே இரவில் உடைப்பெடுக்கும் ஏரியை வளம் மிகுந்தது என்று சொல்வோமா?

நிமிடத்துக்குப் பதினைந்து முறை இமைக்கும் நாம், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. வயது, மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கு ஏற்படும் மாற்றம், நீரிழிவு, சளிக்கும் ஒவ்வாமைக்கும் உண்ணும் சில மாத்திரைகள், குளிரூட்டி ஆகியவையும் காரணிகள். வாயும் கண்ணும் சேர்ந்து வறண்டால் அது சுரப்பிகளை உடலே தாக்கும் ஷோகிரன் நோயாகவும் இருக்கலாம். ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933-இல் அதை விரிவாக எழுதினார். எனக்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும், இமைமேல் வெந்நீர் ஒத்தடமும், மின்விசிறியிலிருந்து விலகி அமர்வதும் போதுமானவையாக இருந்தன.

இங்கே வைட்டமின் ஏ பற்றி ஒரு சொல். இது குறைந்தால் சளி தரும் நுண்ணறைகள் அழிந்து, வெண்விழி பட்டின் பளபளப்பை இழந்து சுருங்கும். பிறகு கருவிழியே உருகும். இந்தியாவில் 1970 முதல் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ கரைசல் புகட்டும் திட்டம் நடைபெறுகிறது. என் பள்ளிப்பருவத்தில் வகுப்புக்கு ஓரிருவர் மாலைக்கண் நோயுடன் இருந்தனர். என் மாணவர்களிடையே அப்படி ஒருவரையும் நான் கண்டதில்லை. அரசுச் செலவின் பயன் குறித்து ஐயுறும் என் துறை நண்பர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் எடுத்துக்காட்டு இது.

கண்ணீரின் பணி நனைப்பது மட்டுமன்று. கருவிழியில் இரத்த நாளங்கள் இல்லை. இருந்தால் ஒளி ஊடுருவாது. ஆகவே, காற்றிலுள்ள உயிர்வளி கண்ணீரில் கரைந்தே கருவிழியை அடைகிறது. இரத்தம் எட்டாத இடத்தில் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் காவலும் கண்ணீருடையதே. பெனிசிலினைக் கண்டறிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1922-இல், அலெக்சாண்டர் ஃபிளெமிங் 'லைசோசைம்' என்னும் நொதியைப் பற்றி அறிவித்தார். நுண்ணுயிரிகளின் புறச்சுவரைக் கரைக்கும் இப்பொருள் மூக்குச் சளியிலும் உமிழ்நீரிலும் உண்டு, கண்ணீரில் மிகுதி. ஆய்வுக்குக் கண்ணீர் வேண்டி, உடன் பணியாற்றியோரின் கண்களில் எலுமிச்சைச் சாற்றுத் துளி விட்டு அழவைத்துச் சேகரித்தாராம். இவற்றோடு நுண்ணுயிரிகளுக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் மறித்துக்கொள்ளும் லாக்டோஃபெரின், நோயெதிர்ப்புப் புரதங்கள் ஆகியவையும் கண்ணீரில் உள்ளன. ஆனால், இந்தக் காவலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஓடும் வழியைப் பார்ப்போம். கண்ணாடி முன் நின்று கீழிமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். மூக்கை ஒட்டிய முனையில், இமை விளிம்பில் ஊசியால் குத்தியதுபோல் ஒரு துளை தெரியும். மேலிமையிலும் அதே இடத்தில் ஒன்று உண்டு. இவையே கண்ணீர்ப் புள்ளிகள், விட்டம் 0.3 மில்லிமீட்டர் அளவு. நாம் இமைக்கும்போது இமைகள் வெளிமுனையிலிருந்து உள்முனை நோக்கி மூடிவந்து, நீரை இந்தத் துளைகளை நோக்கித் தள்ளுகின்றன. இமைத் தசையே ஏற்றம் இறைக்கிறது என்று சொல்லலாம். துளைகளிலிருந்து பத்து மில்லிமீட்டர் நீளமுள்ள நுண்கால்வாய்கள் வழியே மூக்கின் பக்கவாட்டில் உள்ள கண்ணீர்ப் பையையும், அங்கிருந்து எலும்புக்குள் இறங்கும் குழாய் வழியே மூக்கின் உட்புறத்தையும் கண்ணீர் அடைகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதும், கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் கசப்பதும் இதனால்தான்.

இதில் வீட்டுக்குப் பயன்படும் ஒரு செய்தி உண்டு. கண்ணின் கொள்ளளவு முப்பது மைக்ரோலிட்டருக்கு மேல் போகாது. சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து விழும் ஒரு துளியோ முப்பது முதல் ஐம்பது வரை இருக்கும். இரண்டாவது சொட்டு விடுவது காசை வீணாக்குவதே. ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, உள்முனையை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து மூக்குக்கு இறங்காது. கண்ணழுத்த நோய்க்குப் பயன்படும் டிமோலால் போன்ற மருந்துகள் மூக்கின் வழியே இரத்தத்தில் கலந்தால் நாடித்துடிப்பைக் குறைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கும். ஆகவே இது சிக்கனம் மட்டும் அன்று.

பிறந்த குழந்தைகளில் நூற்றில் ஐந்தாறு பேருக்கு இக்குழாயின் கீழ்முனைச் சவ்வு திறக்காமல் கண்ணில் நீரும் பீளையும் கட்டும். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஓராண்டுக்குள் தானே திறந்துவிடும். சுத்தமான விரலால் கண்ணின் உள்முனையிலிருந்து மூக்கோரமாகக் கீழ்நோக்கி அழுத்தி நீவிவிடும் முறையை மருத்துவர் கற்றுத்தருவார். என் பேரனுக்கு அப்படித்தான் சரியாயிற்று. தாய்ப்பாலைக் கண்ணில் பீச்சும் பழக்கத்தை மட்டும், நல்லெண்ணத்தோடு சொல்லும் மூதாட்டிகள் மன்னிப்பார்களாக, விட்டுவிட வேண்டும்.

சுரப்பியைத் திறக்கும் கட்டளை எப்படி வருகிறது? உறுத்தலை மூளைக்குச் சொல்வது முகத்தின் உணர்வு நரம்பு. மூளையின் ஆணையை ஏந்தி வருவது முகத்தசைகளை இயக்கும் ஏழாவது கபால நரம்பின் ஒரு கிளை. வெங்காயம் நறுக்கும்போது எழும் ஆவி முதல் வழியைத் தூண்டுகிறது. துக்கமும் நெகிழ்ச்சியும் மூளையின் உள்ளிருந்தே இரண்டாம் வழியைத் திறக்கின்றன. பிறந்து முதல் சில வாரங்கள் குழந்தை வீறிட்டு அழுதாலும் கண்ணீர் வழியாது என்பதைத் தாய்மார் அறிவர். முகவாதம் வந்து தேறியவர்களில் சிலருக்கு, உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் செல்ல வேண்டிய நரம்பிழைகள் வழிதவறிக் கண்ணீர்ச் சுரப்பியோடு இணைந்து, உணவைக் கண்டாலே கண்ணீர் கொட்டும். மருத்துவ நூல்கள் இதற்கு முதலைக் கண்ணீர் என்றே பெயரிட்டுள்ளன. பாவம், அவர்கள் போலிகள் அல்லர்.

ஆக, அழுகையின் ஆணை இரண்டு சுரப்பிகளுக்கும் சேர்ந்தே போகிறது. துக்கம் இரு கண்ணிலும் வழியும். ஆண்டுக்கணக்கில் ஒற்றைக் கண் மட்டும் வழிந்தால், முதலில் ஐயுற வேண்டியது வடிகாலை.

தமக்கையின் இடக்கண் குழாய் எப்போது அடைபட்டது என்று இனி அறிய வழியில்லை. நடுவயதுக்கு மேல் பெண்களுக்கே இவ்வடைப்பு மிகுதியாக வருகிறது. அவர்களுடைய எலும்புக்குழாய் ஆண்களுடையதைவிடக் குறுகியது என்பதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அடைபட்டால் பையில் நீர் தேங்கும். தேங்கிய நீரில் லைசோசைமின் காவல் எடுபடாது. நுண்ணுயிரிகள் குடியேறும், அவற்றுள் நிமோனியாவை உண்டாக்கும் கிருமியும் ஒன்று. பை சீழ்ப் பையாக மாறும். வலி இருக்காது. அதுதான் ஆபத்து. காலையில் கொஞ்சம் பீளை, பகலெல்லாம் கசிவு, அவ்வளவே. கருவிழியின் மேற்புரை முழுமையாக இருக்கும்வரை அந்தக் கிருமிகளால் உள்ளே நுழைய முடியாது. ஒரு கீறல் விழவேண்டும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கரும்பில் சோகை உரிக்கும்போது அந்தக் கீறல் விழுந்தது. கரும்புத் தோகையின் விளிம்பு அரம்போல் இருக்கும் என்பது தோட்டத்தில் இறங்கியவர்களுக்குத் தெரியும். அன்று மாலை கண் சிவந்தது. மறுநாள் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது என்பது பிறகு தெரிந்தது. சிவப்பைக் குறைத்து, புண்ணை ஆழமாக்கும் மருந்து அது. நான்காம் நாள் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: "ஒண்ணும் இல்ல தம்பி, சோகை பட்டுச்சு. வெளிச்சம் பாக்க முடியல." நான் சென்றபோது கருவிழியின் நடுவில் அரிசி அளவில் வெண்மையும், அதன் பின்னே சீழ்க்கோடும் தெரிந்தன. புதுச்சேரிக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் கண்ணைப் பார்க்கும் முன்பாக மூக்கோரத்தில் விரலை வைத்து அழுத்தினார். கண்ணீர்ப் புள்ளி வழியே மஞ்சளாகச் சீழ் எழும்பிக் கண்ணுக்குள் வந்தது. "எத்தனை வருஷமா நீர் வடியுதும்மா?" என்று அவர் கேட்டார். தமக்கை விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

புண் ஆறியது; பை அகற்றப்பட்டது. கருவிழியில் தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணுக்கு இப்போது பகலும் இரவும் மட்டுமே தெரியும்.

இது ஒரு குடும்பத்தின் துரதிருஷ்டம் மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். கருவிழிப் புண் நம் நாட்டில் உழவர்களின் நோய். மதுரை மாவட்டத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்களும் அமெரிக்க அறிஞர்களும் சேர்ந்து செய்து 1996-இல் வெளியிட்ட ஆய்வு, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. அமெரிக்காவில் கண்ட விகிதத்தைப்போல் இது பத்து மடங்கு. அடுத்த ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், அங்கு வந்த நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கண்ணில் அடிபட்டவர்கள். நெல் உமி, வைக்கோல், முள், மண், தோகை எனக் காயம் தந்தவை எல்லாம் வயலின் பொருள்கள்.

தடுக்க முடியாதா? நேபாளத்தின் பக்தபூரில் கிராமத் தொண்டர்களைப் பயிற்றுவித்து, கீறல் பட்டவர்களுக்குச் சாதாரணக் குளோரம்பெனிகால் களிம்பை மூன்று நாள் இடச்செய்தார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை. பூஞ்சைத் தொற்றும் மிகுந்த மதுரைப் பகுதியில், அதற்கான களிம்பையும் சேர்த்து இதே முறையைச் சோதித்து நற்பயன் கண்டார்கள். விலை என்று பார்த்தால் ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவு. தாமதம்தான் விலையுயர்ந்தது.

கீறல் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. ஆனால், யாருடைய கண்ணோரத்தில் சீழ்ப்பை காத்திருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிய முடியும். அதற்குக் கருவி வேண்டாம். அந்தப் புதுச்சேரி மருத்துவர் செய்த விரல் சோதனை போதும். கண்புரை முகாம்களில் இதை வழக்கமாகச் செய்கிறார்கள். சீழ்ப்பை இருக்கும்போது கண்ணைத் திறந்து அறுவை செய்தால் கிருமி உள்ளே புகும் என்பதால், நுண்குழல் வழியே உப்புநீரைச் செலுத்தி, தொண்டையில் உப்புக் கரிக்கிறதா என்று நோயாளியிடம் கேட்பார்கள். கரித்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருள். ஆனால் கண்புரை வந்து முகாமுக்குப் போகிறவருக்கே இச்சோதனை கிட்டுகிறது. நாற்பது வயதில் கண்ணைத் துடைத்துக்கொண்டு களையெடுக்கும் பெண்ணுக்கு இல்லை.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணியாளர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்களுடைய படிவத்தில் ஒரு வரி சேர்க்கலாம்: ஒரு கண்ணில் தொடர்ந்து நீர் வடிகிறதா? ஆம் என்றால், மூக்கோரத்தை அழுத்திப் பார்க்கும் ஒரு நிமிடப் பயிற்சி. கரும்பும் நெல்லும் விளையும் வட்டாரங்களிலிருந்து தொடங்கலாம். ஒரு படிவத்தில் கேள்வி இல்லாமற்போனதன் விலையை அறிந்தவன் என்ற முறையில் இதை அரசின் கவனத்துக்கு வைக்கிறேன்.

அடைப்பு உறுதியானால் வழி உண்டு. பைக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள மெல்லிய எலும்பில் ஒரு சாளரம் திறந்து, கண்ணீர் நேரே மூக்கில் இறங்கச் செய்யும் அறுவை சிகிச்சையை இத்தாலிய மருத்துவர் டோட்டி 1904-இல் வகுத்தார். இன்று மூக்கின் பக்கத்தில் சிறு கீறல் இட்டும் செய்கிறார்கள். மூக்கினுள் உள்நோக்கியைச் செலுத்தித் தழும்பின்றியும் செய்கிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்குப் பலன் கிட்டுகிறது. இதற்காகச் சென்னை எழும்பூரில் 1819-இல் தோன்றிய கண் மருத்துவமனைக்கே போகவேண்டியிருந்த காலம் எங்கள் பகுதியில் மலையேறிவிட்டது. 2010 முதல் முண்டியம்பாக்கத்திலேயே, நெடுஞ்சாலையை ஒட்டி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அறுவைப் பருவத்தில் கரும்பு வண்டிகள் அதன் வாயிலைக் கடந்துதான் ஆலைக்குப் போகின்றன.

சென்ற ஆண்டு, தமக்கையின் பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவருக்கு வலக்கண்ணில் நீர் வடிவதைத் தமக்கையே கவனித்திருக்கிறார். வயது நாற்பத்தைந்து இருக்கும். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா" என்று அவரும் சொல்லியிருக்கிறார். தமக்கை விடவில்லை, தன் கண்ணைக் காட்டிக் காட்டியே அறுவை சிகிச்சைக்கு இணங்கவைத்துவிட்டார். அது முடிந்து சில வாரங்களுக்குப் பின் மறுசோதனைக்குச் சென்றபோது நானும் துணைக்குப் போயிருந்தேன். மருத்துவர் கண்ணீர்ப் புள்ளியில் மழுங்கிய ஊசியை வைத்து உப்புநீரைச் செலுத்தினார். "தொண்டையில ஏதாவது தெரியுதாம்மா?" என்றார். அந்தப் பெண்மணி ஒருமுறை விழுங்கிப் பார்த்துவிட்டு, வெளியே பெஞ்சில் காத்திருந்த தமக்கைக்கும் கேட்கும்படி சொன்னார்: "உப்புக் கரிக்குதுங்க!"